கால் குமிழ் வாட்டம்

எங்கள் வீட்டு ஏசியை நான்தான் கழுவுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் நாத்தனார் போகிற இடத்திலெல்லாம் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக்கைக் கூப்பிட மனசு வராமல் நானே கழுவுகிறேனாம். மனசுக்கு என்ன குறைச்சல்? மெக்கானிக் வந்தால் முன்பக்கத்து ஃபில்டரைச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார், குடிக்கத் தண்ணீர் கேட்பார், "எல்லாம் நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் கழுவினால் அது கழுவின ஏசி.

ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற ஏசி இல்லை இது. சுவரையே பெட்டி அளவுக்கு உடைத்து, அதில் ஒரு தகரக் கூட்டைப் பதித்து, கூட்டுக்குள் மேசை இழுப்பறை மாதிரி ஏசியைத் தள்ளி வைத்திருக்கிறது. முகம் அறைக்குள்ளே, முதுகு வீட்டுக்குப் பின்னால். நாங்கள் குடிவருவதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனது. அறைக்குள்ளே நான் கேக் செய்கிறேன். வீட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் டைல்ஸ் அறுக்கிறார். அதனால் முகத்தில் என் மாவும் பொடித்த சர்க்கரையும், முதுகில் அவருடைய கல் தூசி. எங்கள் இரண்டு பேரையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு இத்தனை காலம் ஓடுகிறதே, அதற்கே அதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. தொழிலில் அவருக்குப் பெயரே 'ரசமட்டம்'தான். ரசமட்டம் என்பது அவர் எப்போதும் கையோடு வைத்திருக்கும் நீளமான கட்டை. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழ். குமிழ் நடுக்கோட்டில் நின்றால் சமம், நகர்ந்தால் கோணல். உலகத்தில் அவருக்கு இருப்பது இந்த இரண்டே வகைதான். யார் வீட்டுக்குப் போனாலும் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். ஹோட்டலில் மேசை ஆடினால், காகிதத்தை மடித்து அதன் காலுக்கடியில் செருகுகிற வரைக்கும் யாரையும் ஆர்டர் சொல்ல விட மாட்டார். எங்கள் கல்யாண போட்டோவில் நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அவர் கேமரா நிற்கிற ஸ்டாண்டின் காலைப் பார்த்து முறைக்கிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் அந்த ஏசி லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அவருக்கு உற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை ஏது? சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பார்ப்பார். "எவனோ குடிச்சிட்டு வச்சிட்டுப் போயிருக்கான்" என்பார். ஒரு நாள் வெளியே எடுத்துச் சரி பண்ணிவிடுகிறேன் என்பார். நான் தொட விட்டதில்லை. சாய்வுக்குக் காரணம் தெரிந்து தடுத்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். நன்றாக ஓடுகிறதை எதற்கு நோண்ட வேண்டும் என்றுதான்.

அடுக்குக் கேக் செய்யத் தொடங்கின புதிதில் அவரிடம் அந்த ரசமட்டத்தை ஒரு தடவை கேட்டேன். ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டுமென்றால் அடியில் இருப்பது சமமாக இருக்க வேண்டும். நூல் பிசகினாலும் மேல் அடுக்கு மெல்ல மெல்ல வழுக்கி இறங்கிவிடும். அவர் சிரித்தார்.

"ரசமட்டம் வேலைக்கு எடுக்கறது. கேக்குக்கெல்லாம் யாராவது குடுப்பாங்களா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாகச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. கேக் பலகையின் மேல் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்து, அது எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துச் சமம் செய்யக் கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் என் கேக்கைச் சுற்றி வந்து பார்க்கலாம். கோணல் என்று ஒருவர் சொல்லட்டும், நான் தொழிலை விட்டுவிடுகிறேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் வெட்டுகிற கேக்கை அத்தைதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கேக்கே வேண்டாம் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். நாத்தனாரும் வாயால் சரி என்றார். அப்புறம் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் என்னைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"நீ செய்ம்மா, நான் வேணாங்கல. எதுக்கும் ஒரு கடையிலயும் சொல்லி வச்சிருக்கேன். ஒரு போன் போட்டா வந்துடும். உன்னுது சரியா வரலேன்னா நாலு பேர் முன்னாடி சங்கடமாயிடக் கூடாது பாரு."

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தேன், ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. என் வீட்டுக்காரரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார். அக்கா சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோணலாக மாட்டியிருந்ததாம்.

கடைக் கேக் மேடையேறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் எந்த வீட்டுக்குக் கேக் செய்து கொடுத்தாலும், 'சொந்த நாத்தனாரே வேண்டாம்னு விட்டுட்டாங்களாமே' என்ற பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். என் கேக் மேடையேற வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வரவேற்பு அன்று காலை மூன்று அடுக்குகளும் பிரிட்ஜில் தயாராக இருந்தன. மாலையில் நாத்தனார் வேன் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டால் அது எந்த பிரிட்ஜிலும் நுழையாது, அறையேதான் பிரிட்ஜாக இருக்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்கிற க்ரீம் வெப்பத்துக்கு முகம் கொடுக்காது. ஏசியைப் போட்டேன். அது காய்ச்சல்காரன் மாதிரி வெதுவெதுவென்று மூச்சு விட்டது. ஃபில்டரைப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. சோதனைக்கு ஒரு தட்டில் ஒரே ஒரு க்ரீம் ரோஜாவைப் பிழிந்து ஏசிக்கு எதிரில் வைத்தேன். இதழ்கள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்தன. கொஞ்ச நேரத்தில் ரோஜா தட்டில் படுத்துவிட்டது.

பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏசியின் முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாம் என் வீட்டுக்காரரின் கைங்கரியம். வேலை நடக்கிற கட்டடத்தில் கரண்ட் இல்லையென்று, ஒரு வாரமாக அத்தனை டைல்ஸையும் அந்த முதுகுக்கு நேர் கீழே வைத்து மெஷினில் அறுத்திருந்தார். ஏசி காற்றை இழுக்கிற இழுப்பில் தூசி முழுவதும் உள்ளே போய், ஈரத்தோடு சேர்ந்து பசையாக அப்பியிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. உங்க ஏசி இருக்கற லட்சணத்தைப் பாருங்க."

"ஏசி உன்னுதாச்சே?"

"முன்பக்கம் என்னுது. பின்பக்கம் உங்களுது."

குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

"வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறதுக்கா? ஒரு கை புடிங்க, முழுசா வெளிய எடுக்கணும்."

வழக்கமாக நான் ஏசியைப் பாதி வரைக்கும் இழுத்துத்தான் கழுவுவேன். பின்பக்கத்தை வெளியே ஏணி போட்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிடுவேன். அன்று அது போதாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முன்மூடியைக் கழற்றினேன். இரண்டு பேருமாகக் கூட்டிலிருந்து ஏசியை இழுத்தோம். யப்பா, என்ன கனம்! ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு, பின்னால் கொண்டுபோய் இரண்டு முக்காலிகளின் மேல் இறக்கினோம்.

மோட்டார், வயர், கரண்ட் பெட்டி எல்லாவற்றையும் க்ரீம் பிழிகிற பிளாஸ்டிக் பைகளை வெட்டிப் போர்த்திக் கட்டினேன். முதலில் காய்ந்த பிரஷ். அலுமினியத் தகடுகள் வரிசையாக, காகிதத்தை விட மெல்லியதாக நிற்கும். குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும், அது நிற்கிற போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். தூசி கட்டி கட்டியாக உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் அறுப்பு மெஷினைக் கழுவுகிற பீய்ச்சுக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தள்ளு. இதுல அடிச்சா ஒரே அடியில முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்தான். தகடெல்லாம் படுத்துக்கும், அதுக்கப்புறம் காத்து எப்படிப் போகும்? அந்தப் பக்கம் வைங்க அதை."

வைத்தார். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊற விட்டு, குவளையால் மெல்ல மெல்ல ஊற்றினேன். முதலில் பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது, அப்புறம் சாம்பல் நிறமாக, கடைசியில் தெளிவாக. ஏற்கனவே மடங்கியிருந்த தகடுகளை க்ரீம் தடவுகிற கத்தியின் நுனியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அந்தக் கத்தியை அத்தோடு ஏசிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. முன்பக்கத்துக் காற்றுச் சக்கரத்தில் என் மாவும் சர்க்கரையும் கறுப்பாகக் களிம்பு கட்டியிருந்தது. இவரைச் சொல்லிவிட்டு நான் மட்டும் யோக்கியமா என்று நினைத்துக்கொண்டே அதையும் சுரண்டினேன்.

கடைசியாக அடித்தட்டு. காற்றிலிருந்து ஏசி பிழிந்தெடுக்கிற தண்ணீரெல்லாம் வந்து விழுகிற தட்டு அது. பாசியை வழித்துப் போட்டபோது உள்சுவரில் உப்புப் படிந்து ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் போகப் போக ஏறியும் இருந்தது கோடு. பின்னால் இருந்த விசிறியைச் சுற்றி ஒரு வளையம், அதன் விளிம்பு தட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. கோடு எதற்கு, வளையம் எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அழுக்கு அழுக்குதானே என்று கோட்டைத் தேய்த்தெடுத்துவிட்டேன்.

அப்புறம் வெயில். "துடைச்சிட்டு மாட்டிடலாமே" என்று அவர் பறந்தார். சொட்டு ஈரம் மிச்சமிருந்தாலும் பிளக்கைச் செருக விட மாட்டேன் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காய்ந்து முடித்ததும் பார்த்தால் ஏசியா அது! புதுசாகக் கல்யாணம் ஆனது மாதிரி மினுமினுத்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டின் வாயில் வைத்தோம்.

"நீ போய் உன் க்ரீமைப் பாரு. உள்ள தள்ளி மாட்டறதை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன். இப்படி வலிய வந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிற ஆளா இவர்? சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுப்படியில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்தபோது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அப்புறம் அவருடைய குரல், பிள்ளை பிறந்த மாதிரி சந்தோஷத்தோடு:

"வந்து பாரு! இப்பத்தான் இந்தச் சுவத்துக்கே ஒரு களை வந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். ஏசியின் மேல் ரசமட்டம் இருந்தது. குமிழ் நட்ட நடுவில் அசையாமல் நின்றது. கூட்டுக்குள் முன்பக்கம் ஏசிக்கு அடியில் யாரோ இரண்டு மரச் சில்லுகளைச் செருகி வைத்திருந்தார்களாம். "குப்பை" என்று தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு முடி கூடப் பிசகாமல் சமமாக வைத்துவிட்டார். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். மலையிலிருந்து இறங்கின காற்று மாதிரி வந்து முகத்தில் அறைந்தது. புதிதாக ஒரு ரோஜா பிழிந்து வைத்தேன், ராணி மாதிரி நிமிர்ந்து நின்றது. என் கையை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கழுவின கை!

அறை குளிர்ந்ததும் மேசையை ஏசிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டேன். அடி அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாங்குகிற குச்சிகள், ஒவ்வொன்றையும் ஏற்றினதும் தட்டுத் தண்ணீர் சோதனை. மூன்றும் ஏறி நின்றபோது என் மூச்சே ஒரு தடவை நின்று வந்தது. ஓரங்கள் கத்தி மாதிரி இருந்தன. பூக்கள் வைப்பது மட்டும்தான் பாக்கி.

சொட்.

பலகையில் ஒரு துளி. அடி அடுக்குக்கு ஒரு விரல் தள்ளி. நிமிர்ந்து பார்த்தேன். ஏசியின் முன்மூடிக்கு அடியில் இன்னொரு துளி பருத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவரில் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கித் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

நசுங்கின கிண்ணம்தான் கைக்கு எட்டியது. எட்டி நின்று அதைத் துளிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மேசையை நகர்த்தலாமென்றால், இப்போதுதான் ஏற்றின மூன்றடுக்கு, க்ரீம் இறுகவில்லை, ஓர் ஆட்டம் ஆடினாலும் போச்சு. ஏசியை அணைக்கலாமென்றால் க்ரீம் இளகி அந்த முதல் ரோஜா மாதிரி கேக்கே படுத்துவிடும். ஓட விட்டால் தண்ணீர், நிறுத்தினால் வெப்பம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க! ஓடி வாங்க!"

வந்தார். பார்த்தார். ஒரு நொடி கூட யோசிக்காமல் போய்த் துளை போடுகிற மெஷினோடு திரும்பி வந்தார்.

"பயப்படாத. பின்பக்கம் அடித்தட்டுல ஒரு ஓட்டை போட்டுட்டா தண்ணி பூரா வெளிய போயிடும்."

"ஓட்டையா? தொட்டீங்கன்னா தெரியும் சேதி!"

கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றபடியே யோசித்தேன். நேற்று வரைக்கும் இந்த ஏசி உள்ளே ஒரு சொட்டு விட்டதில்லை. இன்று மாறினது என்ன? அழுக்கு போயிற்று, சாய்வு போயிற்று. அழுக்கு போனதற்கு எதுவும் ஒழுகாது. உடனே அந்த வெள்ளைக் கோடு ஞாபகத்துக்கு வந்தது. முன்னால் தாழ்ந்து பின்னால் ஏறின கோடு. என் அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்த நாட்களில் கேக் தகரத்துக்குள் மாவு இப்படித்தான் ஒரு பக்கம் ஏறி வேகும், தகரத்தில் இதே மாதிரி கோடு விழும். அப்படியானால் இத்தனை வருஷமும் தண்ணீர் பின்னால்தான் தேங்கி நின்றிருக்கிறது. அங்கேதான் அந்த வளையம். வளையம் சுற்றும்போது தண்ணீரில் தோய்ந்து, சூடான பின்பக்கத் தகடுகளின் மேல் வாரியடிக்கிறது. எப்போதும் முதுகுப் பக்கம் சளக் சளக்கென்று கேட்குமே, அந்தச் சத்தம் இன்று கேட்கவே இல்லை.

"ஓட்டை போட்டா அந்தத் தண்ணியும் போயிடுங்க. அதுதான் பின்பக்கத்தை நனைச்சுக் குளிர வைக்குது. ஏசி பின்னாடி சாய்ஞ்சுதான் இருக்கணும். அந்த மரச் சில்லு குப்பை இல்ல, தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "என்னை என்ன பண்ணச் சொல்ற? சமமா இருக்கறதை என் கையாலயே கோணலாக்கணுமா? நான் செத்தாலும் செய்ய மாட்டேன்."

கோபத்தில் சொன்ன பேச்சு இல்லை. உண்மையாகவே அவரால் முடியாது. அந்தக் கை அப்படிப்பட்ட கை. கிண்ணம் நிறைந்துகொண்டிருந்தது. இந்த மனுஷனுக்கு எப்படிப் புரிய வைப்பது? எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் அவருடைய தொழிலிலிருந்து கற்றுக்கொண்ட ஒரே ஒரு வார்த்தை அப்போது கை கொடுத்தது.

"பாத்ரூம் தரை பதிக்கறீங்களே, சமமாவா பதிப்பீங்க?"

"பாத்ரூமுக்கு எவனாவது சமமா பதிப்பானா? தண்ணி போக வேணாமா? குழியைப் பாத்துச் சரிவா வாட்டம் வைக்கணும்."

"மொட்டை மாடிக்கு?"

"அதுக்கும் வாட்டம்தான்."

"இதுவும் பாத்ரூம்தாங்க. சின்னதா இருக்கு, அவ்வளவுதான்."

ஏசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

"வாட்டம்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று என் மேலேயே பாய்ந்தார். அவர் பாய்ந்ததில் எனக்கு ஒரே நிம்மதி.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! கேக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொடாமல் குடை மாதிரி நிறுத்தினார். ஏசியை அணைத்தார். ஸ்டூலில் ஏறி, சின்னக் கடப்பாரையால் முன்பக்கத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்கி, டைல்ஸுக்கு வைக்கிற ஆப்புகளை இரண்டு பக்கமும் செருகினார். ரசமட்டத்தை முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தார். குமிழ் நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சமே நகர்ந்து நின்றது.

"கால் குமிழ் வாட்டம். இதுக்கு மேல போனா பின்னாடி வழியும்" என்றார். கோணல் என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை.

ஏசியைப் போட்டோம். மிச்சமிருந்த துளிகள் கிண்ணத்தில் விழுந்தன. அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. நாத்தனார், பட்டுப்புடவையும் கைப்பையுமாக. அவர் பார்த்ததைச் சொல்கிறேன்: தரை முழுக்கத் தண்ணீர். கேக்குக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு. நசுங்கின கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவிரிகோலமாக நான். கடப்பாரையோடு ஸ்டூல் மேல் அவருடைய தம்பி.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். "பரவால்லம்மா, நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத. கடைக்காரருக்குச் சொல்லிடறேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் அவர் எதிரில்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார் என் வீட்டுக்காரர். ஸ்டூலிலிருந்து இறங்கினார். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அந்தக் கட்டை சோப்பு வாசனையோடு இருந்தது. சிமெண்ட் கறை போக்கித் தேய்த்துக் கழுவி, துவைத்து வைத்த துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். யாரையும் தொட விடாத ரசமட்டம். விரிப்பை விலக்கினார். கேக்குக்கு எதிரில் வந்து நின்று, முதல் நாள் வேலைக்கு வந்தவர் மாதிரி என்னைக் கேட்டார்:

"க்ரீம்ல படாம எப்படி வைக்கறது?"

வெண்ணெய்க் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி மேல் அடுக்கின் மேல் விரித்தேன். அதன் மேல் ரசமட்டத்தை ஓர் எடையும் விழாமல் தாங்கிப் பிடித்து வைத்தார். குமிழ் கொஞ்சம் அலைந்து நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. குறுக்கே திருப்பி வைத்தார். மறுபடியும் நடு. பலகையின் மேல் வைத்தார், நடு. குனிந்து, கண்ணை இடுக்கி, ஓரங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் கேக்கை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, இங்க வந்து பாரு. நான் பதிச்ச தரையில கூட இவ்வளவு சுத்தமா குமிழ் நின்னதில்ல. ஏசி ஒழுகினது என்னால. அதைக் கண்டுபுடிச்சது இவ. கேக்குல ஒரு குத்தம் இருந்தா சொல்லு, நானே கடைக்காரருக்குப் போன் போடறேன்."

நாத்தனார் வந்து பார்த்தார். குமிழைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், தம்பியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அப்புறம் போனைக் காதில் வைத்தார்.

"ஹலோ... ஆமா, நான்தான். அந்தக் கேக் வேணாம்ப்பா. இல்ல இல்ல, எங்க வீட்லயே ஆளு இருக்கு." போனைப் பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பூ எப்ப வைக்கப் போற? நேரமாகுதில்ல?"

பூ வைத்தேன். ஒரு பூ கூடத் தலை குனியவில்லை. பின்பக்கம் சளக் சளக்கென்று ஏசி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேனில் கேக்கை நடுவில் வைத்து, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவருமாகப் பலகையைப் பிடித்துக்கொண்டோம். முன்னால் நாத்தனார். என் வீட்டுக்காரர் ரசமட்டத்தைப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, குமிழை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டி திரும்பினால் பலகையைத் தன் பக்கம் தூக்குவார், பள்ளத்தில் இறங்கினால் என்னைத் தூக்கச் சொல்வார். "அண்ணே, மெதுவாப் போங்க, குமிழ் ஓடுது" என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போதுங்க, மண்டபம் வந்தாச்சு. ரசமட்டத்தை எடுத்துப் பையில போடுங்க" என்றேன்.

நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"வேலை முடியட்டும், எடுக்கறேன்" என்றார்.